'கிளாரா அண்ட் த சன்' நாவல்: படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கஸுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் த சன்' 2021 மார்ச்சில் வெளிவந்தது. வாசிப்பு வட்டங்களில் இந்த நாவலை எடுக்கும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பாதியில் நிறுத்துகிறவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிறுத்துகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முதல் 8 கேள்விகள் இன்னும் படிக்காதவர்களுக்கு. 9ஆம் கேள்வியிலிருந்து கதையின் முடிவு வரைக்கும் பேசுகிறோம். படித்து முடிக்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

1. கதையைச் சொல்லிடாம, இது எதைப் பத்தினதுன்னு மட்டும் சொல்லுங்க.

கிளாரா ஒரு கடையில் விற்பனைக்கு நிற்கும் இயந்திரச் சிறுமி. வளரும் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதற்காகச் செய்யப்பட்டவள். நாவலில் இந்த வகை இயந்திரங்களுக்கு ஏ.எஃப். என்று பெயர், ஆர்ட்டிஃபிஷியல் ஃப்ரெண்ட் என்பதன் சுருக்கம். வெயில்தான் அவளுக்குச் சக்தி. பதினான்கரை வயது ஜோசி அவளைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். ஜோசிக்கு உடம்பு சரியில்லை.

முழுக் கதையையும் கிளாராவே சொல்கிறாள். ஒருவரைப் பற்றி எல்லாவற்றையும் கவனித்து நினைவில் வைத்துக்கொண்டால், அந்த ஆளையே வைத்துக்கொண்டதாகுமா? நாவலின் மையக் கேள்வி இதுதான்.

2. சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிச்சுப் பழக்கமே இல்லை. இங்கிலீஷும் சுமார்தான். என்னால முடியுமா?

முடியும். இங்கிலீஷ் நாவல்களுக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கிளாரா பேசுவது குட்டி வாக்கியங்களில், எளிய சொற்களில். விண்வெளிக் கப்பலோ அறிவியல் பாடமோ கிடையாது. சுமார் 300 பக்கம், 6 பகுதிகள். நாளைக்கு 25 பக்கம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

மொழி எளிது என்பதற்காக வேகமாகப் படிக்காதீர்கள். இங்கே முக்கியமான செய்திகள் பெரும்பாலும் ஒரு வரியில், போகிற போக்கில் வந்துவிட்டுப் போகும். ஒலிநூல் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். முதல் வாசிப்பை ஒலிநூலாக வைத்துக்கொண்டால் அந்த ஒற்றை வரிகள் காதில் விழாமலே போய்விடக்கூடும். திரும்பப் படிக்கும்போது கேளுங்கள்.

3. ஆப்லாங், லிஃப்டட்னு என்னென்னவோ வருது. எங்கயுமே விளக்கம் இல்லையே?

வேண்டுமென்றேதான் விளக்கவில்லை. அந்த உலகத்தில் இருப்பவளுக்கு அவை அன்றாடச் சொற்கள். இருந்தாலும் நான்கைந்து சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற்றம் குறையும். ஆப்லாங் என்பது கையில் வைத்திருக்கும் ஃபோன், டேப்லட் போன்ற திரை. லிஃப்டட் என்றால் அறிவுத்திறன் கூடுவதற்காக மரபணு மாற்றம் செய்யப்பட்ட பிள்ளை. சப்ஸ்டிட்யூட்டட் என்றால் இயந்திரம் வந்ததால் வேலை போனவர். இன்டராக்‌ஷன் மீட்டிங் என்பது, வீட்டிலிருந்தே படிக்கும் லிஃப்டட் பிள்ளைகளைப் பழக வைப்பதற்குப் பெற்றோர் நடத்தும் கூடுகை. பி2, பி3 என்பவை ஏ.எஃப். மாடல்கள், கிளாரா பழைய பி2, பி3 புதிது.

இவற்றில் லிஃப்டட்தான் அச்சாணி. கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறை 2012இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் சீனாவில் ஒரு விஞ்ஞானி, கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்து உலகையே அதிரவைத்தார். நாவல் அங்கிருந்து சில படிகள் தள்ளி நிற்கிறது: அதைச் செய்துகொள்ளாத பிள்ளைக்குப் பெரும்பாலான கல்லூரிகளின் கதவு மூடிவிடும். பக்கத்து வீட்டு ரிக் அப்படி ஒரு பிள்ளை.

4. எந்த ஊர்? எந்த வருஷம்?

அமெரிக்கா. வருடம் சொல்லப்படவில்லை. ஜோசியின் வீடு நகரத்துக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவே இருக்கிறது. கார் ஓட்டுகிறார்கள், காபி குடிக்கிறார்கள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். இன்றிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் உலகம் இல்லை.

5. முதல் பகுதியில ஒண்ணுமே நடக்கலை. கடை, ஜன்னல், வெயில். விட்டுடலாமா?

விடாதீர்கள். அதிகம் பேர் நிறுத்துவது இங்கேதான்; நாவல் தன் சாமான்களையெல்லாம் எடுத்து அடுக்கி வைப்பதும் இங்கேதான். முடிந்தால் முதல் பகுதியை ஒரே அமர்வில் படியுங்கள். கையில் பென்சில் இருந்தால் இன்னும் நல்லது.

குறித்துக்கொள்ள வேண்டியவை: தெருவோரத்தில் படுத்திருக்கும் பிச்சைக்காரரும் அவருடைய நாயும்; புகை கக்கி வெயிலை மறைக்கும் கூட்டிங்ஸ் மெஷின்; பல வருடம் கழித்துத் தெருவில் சந்தித்துக் கட்டிக்கொள்ளும் வயதான இருவர், அதைப் பற்றி மேனேஜர் சொல்லும் விளக்கம்; ஜோசியைப் போல நடந்து காட்டச் சொல்லி அவள் அம்மா கிளாராவுக்கு வைக்கும் சோதனை. இந்தக் கடைசிக் காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஒரு பொம்மையை வாங்க வந்தவர் அதை ஏன் கேட்க வேண்டும்?

6. திடீர்னு எல்லாமே பெட்டி பெட்டியா தெரியுதுன்னு சொல்றா. எனக்குத்தான் புரியலையா?

கிளாராவின் பார்வை செயல்படும் விதம் அது. பழகாத இடத்திலோ, எதிரில் இருப்பவரின் மனநிலை சிக்கலாக இருக்கும்போதோ, அவள் காண்கிற காட்சி பல கட்டங்களாகப் பிரிந்துவிடும். ஒரே முகம் ஒரு கட்டத்தில் கொடூரமாகச் சிரிக்கும், அடுத்த கட்டத்தில் துக்கத்தோடு இருக்கும். மார்கன்ஸ் ஃபால்ஸ் அருவிக்கரையில் ஜோசியின் அம்மா முகம் அப்படித்தான் தெரிகிறது. படத்தைக் கட்டம் கட்டி அலசும் இன்றைய கணினிப் பார்வை மென்பொருள்கள் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். நாவல் அந்தத் தொழில்நுட்பத்துக்குள் போவதில்லை.

பெட்டிகள் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். எதிரில் நடப்பதைக் கிளாராவால் ஒரே முடிவாகத் தொகுக்க முடியவில்லை என்று அர்த்தம். அவள் விளக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிகிறது என்பதை மட்டும் பாருங்கள். அந்த மனிதரைப் பற்றிய உண்மை பெரும்பாலும் அதில் இருக்கும்.

7. இஷிகுரோவோட வேற புக் எதாவது முதல்ல படிக்கணுமா?

தேவையில்லை. இது தனிக்கதை. 2017இல் நோபல் பரிசு பெற்ற பிறகு அவர் வெளியிட்ட முதல் நாவல். பிடித்துப்போனால் அடுத்து 2005இல் வந்த 'நெவர் லெட் மீ கோ'வுக்குப் போகலாம்.

8. என் பொண்ணுக்கு 13 வயசு. அவ படிக்கலாமா?

படிக்கலாம். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கான கதையாகத்தான் இதை முதலில் யோசித்ததாகவும், குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்று தன் மகள் தடுத்ததாகவும் இஷிகுரோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரத்தமோ ஆபாசமோ கிடையாது. ஆனால் ஒரு பிள்ளையின் கடும் நோயும், இறந்துபோன ஒரு சகோதரியின் நினைவும், கூட்டத்தில் பிள்ளைகள் கிளாராவை நடத்தும் விதமும் மனதை அழுத்தும். நீங்களும் கூடவே படித்தால் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

9. இவ்வளவு கெட்டிக்கார மெஷின், சூரியன்கிட்ட போய் வேண்டிக்குதே. இது எப்படி லாஜிக்?

அவள் கெட்டிக்காரி என்பதால்தான் அந்த நம்பிக்கையே வருகிறது. அவளிடம் இருக்கும் தகவல்களை வரிசையாக வையுங்கள். வெயில் பட்டால் அவளுக்குத் தெம்பு வருகிறது. பிச்சைக்காரரும் நாயும் ஒருநாள் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, இறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்கிறாள். மறுநாள் நல்ல வெயில். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். கூட்டிங்ஸ் மெஷின் புகைவிட்ட நாட்களில் வெயில் மங்கிப்போகிறது. இந்த மூன்றையும் கோத்தால், சூரியன் நினைத்தால் ஒருவரைக் குணப்படுத்தும், மெஷினை ஒழித்தால் சூரியன் மகிழும் என்ற முடிவு நேராக வந்துவிடுகிறது. பார்த்ததெல்லாம் சரி. பார்த்தது போதவில்லை.

இது உயிரினங்களுக்கும் நடக்கும். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட சோதனையில், புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். தீனி விழுந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்தன. ஒரு புறா கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சூரியன் மாலையில் இறங்கி ஓய்வெடுக்கும் இடம் என்று தான் நம்பும் மெக்பேன் கொட்டகைக்குப் போய், கிளாரா ஜோசிக்காகச் சூரியனிடம் பேரம் பேசுவதைக் கேலியாகப் பார்க்காதீர்கள். சின்ன ஜன்னல் வழியாக உலகத்தைக் கற்றுக்கொண்டவளிடம் இருக்கும் மிக நல்ல கணிப்பு அது. கேலியாகப் படித்தவர்களுக்கு ஐந்தாம் பகுதி சப்பென்று போய்விடுகிறது.

10. அப்போ ஜோசி எப்படிப் பிழைச்சா? நிஜமாவே சூரியன்தானா?

நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜோசியின் நோய், லிஃப்டட் ஆனதன் விளைவு. அவள் அக்கா சால் இறந்ததும் இப்படித்தான் என்று உணர்த்தப்படுகிறது. இந்த நோயில் சிலர் போகிறார்கள், சிலர் தேறுகிறார்கள். ஆகவே தானாகவே குணமாகியிருக்க வழி இருக்கிறது. இருண்டிருந்த ஒரு காலை, திடீரென்று அறைக்குள் வெயில் கொட்டுகிறது. அன்றிலிருந்து அவள் தேறுகிறாள். இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன, அவ்வளவுதான் தெரியும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. கூட்டிங்ஸ் மெஷினை உடைப்பதற்காகக் கிளாரா தன் தலைக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு பகுதியை எடுக்கச் சம்மதிக்கிறாள். பிறகு அதே நகரத்தில் புகைவிடும் இன்னொரு மெஷினைப் பார்க்கிறாள். அவள் கோட்பாடு அங்கேயே உடைந்திருக்க வேண்டும், உடையவில்லை. திரவம் குறைந்த பிறகு அவள் பார்வை கூம்பும் உருளையுமாகத் தடுமாறுவதையும் சேர்த்துப் படித்தால், ஜோசிக்காக அவள் என்ன கொடுத்தாள் என்பது புரியும்.

11. கப்பால்டி செய்யற 'போர்ட்ரெய்ட்' மாதிரி நிஜத்துல யாராவது செய்யறாங்களா?

முதலில் நாவலில் நடப்பது: ஜோசி இறந்துவிட்டால் அவள் இடத்தில் வைப்பதற்கு, போர்ட்ரெய்ட், அதாவது உருவப்படம், என்ற பெயரில் அச்சு அசலாக ஒரு உடலைச் செய்துகொண்டிருக்கிறார் நகரத்தில் இருக்கும் கப்பால்டி. அதற்குள் இயங்கப்போவது கிளாரா. 5ஆம் கேள்வியில் சொன்ன நடைச் சோதனைக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. சால் இறந்தபோது செய்துபார்த்த பொம்மை உதவவில்லை. வெளித்தோற்றம் மட்டும் போதாது, நடத்தையும் வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

நிஜத்தில் இதன் துண்டுகள் இருக்கின்றன. 2016இல் யூஜீனியா குய்டா என்பவர் இறந்துபோன தன் நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு, அவரைப் போலப் பேசும் சாட்பாட் ஒன்றை உருவாக்கினார். 2020இல் தென் கொரியத் தொலைக்காட்சியில், இறந்த மகளின் உருவத்தை ஒரு தாய் கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவி வழியாகப் பார்த்தது ஒளிபரப்பானது. இவற்றில் இடறும் இடங்கள் தெளிவானவை. குறுஞ்செய்திகளில் இருப்பது, ஒருவர் குறிப்பிட்ட சிலரிடம் பேசிய விதம் மட்டும். அவர் பேசாமல் விட்டதெல்லாம் அதில் இல்லை. அதோடு நகல் வளராது. பதினான்கு வயது ஜோசியை எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தாலும், முப்பது வயது ஜோசி அதிலிருந்து வரமாட்டாள்.

கடைசியில் மேனேஜரிடம் கிளாரா சொல்லும் பதில் இதைவிட ஆழமானது. ஜோசியின் தனித்தன்மை ஜோசிக்குள் இல்லை, அவளை நேசித்தவர்களுக்குள் இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் அங்கே தன்னால் எட்டியிருக்க முடியாது என்கிறாள். நகலெடுக்கத் தயாராக இருந்த இயந்திரமே அதற்கு எதிரான மிகச் சிறந்த வாதத்தை வைக்கிறது. இந்த நாவல் நிற்பதற்குக் காரணம் இந்த ஒரு பக்கம்தான் என்று நினைக்கிறோம்.

12. கிளாராவும் சாட்ஜிபிடியும் ஒண்ணுதானே?

இல்லை. நாவல் வந்தது 2021 மார்ச். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் இறுதியில். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் மாபெரும் அளவு எழுத்தைப் படித்துப் பயிற்சி பெறுகின்றன. பயிற்சி முடிந்த பிறகு, நீங்கள் பேசும்போது அவற்றின் உள் எண்கள் மாறுவதில்லை; உரையாடல் கண்முன் இருக்கும் வரைதான் நினைவு. 'உங்களை நினைவில் வைத்திருக்கிறது' என்னும் வசதி பொதுவாகக் குறிப்புகளைச் சேமித்து, அடுத்த உரையாடலில் சேர்த்துத் தருவதுதான். கிளாரா அப்படியில்லை. அவள் பார்த்துக் கற்கிறாள், ஒவ்வொரு நாளும் மாறுகிறாள். சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடமாட்டாள், மனிதரிடம் கேட்பாள்.

ஓர் ஒற்றுமை உண்டு. உள்ளே எப்படி முடிவெடுக்கிறது என்பது செய்தவர்களுக்கே முழுதாகத் தெரியாது. ஆறாம் பகுதியில் கப்பால்டி வந்து, கிளாராவைத் திறந்து பார்த்து ஆராய அனுமதி கேட்பது இதற்காகத்தான்.

13. நினைவு பத்தின நாவல்னு சொல்றாங்க. ஆனா நினைவு எங்க வருது?

கதை எங்கிருந்து சொல்லப்படுகிறது என்று பாருங்கள். நாங்கள் புதிதாக இருந்தபோது, என்றுதான் முதல் வாக்கியமே தொடங்குகிறது. சொல்கிறவள் இப்போது பழையவள். பயன்பாடு முடிந்த இயந்திரங்களைப் போடும் திறந்தவெளி முற்றத்தில், நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க வந்த மேனேஜரிடம், நினைவுகளை எடுத்துப் பார்த்து வரிசையாக வைக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். நீங்கள் படித்து முடித்த 6 பகுதிகளும் அந்த வேலைதான்.

முற்றத்தில் அவள் நினைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. அருவிக்கரையில் அம்மா திரும்பி நிற்கும் காட்சியை, வேறொரு நாள் உட்கார்ந்திருந்த உணவகத்தின் இருக்கையிலிருந்து பார்க்கிறாள். ஆனால் வேண்டுமென்றால் பிரித்துவிட முடியும் என்றும் சொல்கிறாள். மனிதர்களால் இது முடிவதில்லை. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் மோதும் படத்தைப் பார்த்தவர்களிடம் கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள், அவர்களில் அதிகம் பேர் உடையாத கண்ணாடியை உடைந்ததாக நினைவுகூர்ந்தார்கள். நமக்குக் கலந்தது கலந்ததுதான். கிளாராவுக்கு அந்தக் கலப்பு, பிரியமான காட்சிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழியாக இருக்கிறது.

இந்த நூல் 2019இல் மறைந்த ஆசிரியரின் தாயார் நினைவுக்குக் காணிக்கை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

14. அப்படின்னா கிளாரா சொல்றதை நம்பலாமா, கூடாதா?

கண்ணால் கண்டதாகச் சொல்வதை நம்பலாம். அதற்குக் கொடுக்கும் காரணத்தைச் சோதிக்க வேண்டும். 9ஆம் கேள்வியில் பார்த்தது இதேதான். இஷிகுரோவின் மனிதக் கதைசொல்லிகள் தமக்கு வலிப்பதை மறைப்பார்கள். கிளாரா தன் குறையை மறைப்பவள் அல்ல, அதை உணராதவள். தன்னை யாராவது காயப்படுத்தும் இடங்களில்கூட அவள் எதிராளியின் நியாயத்தைத்தான் தேடுகிறாள். வலி உங்களுக்குத்தான் வரும்.

15. அவ்வளவு செஞ்சவளைக் கடைசியில தூக்கிப் போட்டுட்டாங்களே. அந்த அம்மா மோசமானவங்களா?

கூட்டங்களில் அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான். மகளுக்குப் பதிலாகக் கிளாராவை வைக்கத் திட்டமிட்டவர் அந்தத் தாய். ஏற்கெனவே ஒரு மகளை இழந்தவர். தெரிந்தே இரண்டாவது மகளையும் லிஃப்டட் ஆக்கியவர். அந்தக் குற்றவுணர்வோடுதான் ஒவ்வொரு காட்சியிலும் நிற்கிறார். கப்பால்டி கிளாராவைத் திறக்கக் கேட்கும்போது மறுப்பவரும் அவரேதான். மெல்ல மங்கிப்போக விடுங்கள், அதற்கு அவள் தகுதியானவள் என்கிறார். அவரால் கொடுக்க முடிந்த மரியாதை அது. போதுமா என்றால், எங்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் இல்லை. முற்றத்துக்கு ஜோசி வந்து பார்த்ததாக ஒரு வரியும் இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

16. எங்க வாசிப்பு வட்டத்துல இதை எடுக்கப் போறோம். எப்படி நடத்தலாம்?

மூன்று கூட்டம் வையுங்கள்: 1, 2ஆம் பகுதிகள், 3, 4, பிறகு 5, 6. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போதும். ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்த்தால் பேச்சு முழுவதும் முடிவைச் சுற்றியே போகும், கடைக் காட்சிகள் அடிபட்டுப்போகும். முதல் கூட்டத்தில் கப்பால்டி பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை, பேச்சு 'ஏ.ஐ. நல்லதா கெட்டதா' என்று பொதுவாகப் போய்விடுவது. அதைத் தடுக்க, ஒவ்வொருவரும் தாம் குறித்த ஒரு பக்கத்தோடு வர வேண்டும், அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கூட்டத்துக்கு, காரில் ஜோசியின் அப்பாவும் கிளாராவும் மனித இதயத்தைப் பற்றிப் பேசும் பக்கங்களை எல்லாரும் எடுத்து வரட்டும். பல அறைகள் கொண்ட வீடு போன்றது என்றால் எல்லா அறைகளையும் கற்றுவிடலாம் என்கிறாள் கிளாரா. ஒவ்வொரு அறைக்குள்ளும் இன்னொரு அறை இருந்தால் என்ன செய்வாய் என்கிறார் அவர். அதற்கு அவள் அப்போது சொல்லும் பதிலையும், 11ஆம் கேள்வியில் சொன்ன கடைசிப் பதிலையும் மூன்றாம் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.